சூடேறாத இடது கைப்பிடி

மார்கழி இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். என் இடது உள்ளங்கையில் கொப்புளங்கள் நான்கு. வலி பூஜ்யம்.

மகனே, இந்த இரண்டு எண்களும் ஒரே கையில் இருக்க முடியாது.  இன்று வெள்ளிக்கிழமை முற்பகல், உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு இப்போது நான்கு வயது. வாசலில் என் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டி விளையாடுகிறாய். ஆனால் இதைச் சின்னப் பிள்ளைக்கு எழுதவில்லை. சின்னப் பிள்ளைக்கு எழுதுகிற பொறுமை எனக்கு இல்லை. லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, எல்லாம் எனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிற ஒரு வயது வரும். அந்த வயதில் இருக்கும் உனக்கு எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப்போவதும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். படித்தால் நல்லது.

நீ வளர்ந்தபின் இந்த வேலை இருக்குமோ என்னவோ, அதனால் சொல்லிவிடுகிறேன். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். கொல்லிமலையில் இருக்கிற செல்போன் டவர்களுக்குப் பேட்டரி, ஜெனரேட்டர், வயரிங் பார்ப்பது என் வேலை. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். தேவனூர் நாட்டில் நாம் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து ஆலத்தூர் நாடு, திண்ணனூர் நாடு என்று எந்த டவர் வேலைசெய்யாமல் நின்றாலும் எந்த நேரமானாலும் வண்டியை எடுக்க வேண்டும். மார்கழியில் விடியற்காலை இந்த ரோட்டில் போனால், பத்தாவது நிமிடத்தில் விரல்கள் உன்னுடையவையா வேறு யாருடையவையா என்று தெரியாது. மலையில் எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் யாரும் அதை ஒரு விஷயமாகவே பேசுவதில்லை. நானும் பேசவில்லை. சூடேறும் கைப்பிடி வாங்கினேன்.

அதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன், உனக்கும் ஒரு நாள் தேவைப்படும். மூன்று வகை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பிடியின் மேல் சுற்றிக் கட்டுகிற துணி வகை. அது நழுவும். வளைவில் நழுவினால் கதை முடிந்தது, வேண்டாம். ரப்பருக்கு அடியில் ஒட்டுகிற தகடு வகை. பிடி தடித்துவிடும், கை சிறியவர்களுக்கு ஆகாது. மூன்றாவது, பழைய பிடியையே அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக மாட்டுகிற வகை, உள்ளேயே சூடேறும் கம்பி ஓடும். அதைத்தான் எடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து முழுச் சூட்டில் எவ்வளவு வாட் இழுக்கும், நம் வண்டி எவ்வளவு தரும், ஹெட்லைட்டுக்குப் போக மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன். சேலத்தில் குமரவேல் என்று ஒருவர் கடை. பொறுமையான மனிதர். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துப் பதில் சொன்னார்.

மாட்டியதும் ஒழுங்காகத்தான் மாட்டினேன். பழைய ரப்பரை அறுத்தேன், ஆக்சிலரேட்டர் குழாயில் இருந்த வரிகளை அரத்தால் தேய்த்தேன், பசை தடவி ஒரு நாள் காயவிட்டேன். வலது பக்க வயரைத் தாராளமாக விட்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, எங்கேயும் இழுக்கவில்லை என்று பார்த்தேன். பலர் அதைப் பார்க்கமாட்டார்கள். நேராக நிற்கும் வண்டியில் சரியாக இருக்கும், கொண்டை ஊசி வளைவில் வயர் இழுத்து ஆக்சிலரேட்டர் தானாக ஏறும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி ரிலே வைத்தேன், தனி ஃபியூஸ் வைத்தேன். வேலையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நாளாகக் குறையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் நாள் ஓட்டினேன். வலது கை சுகமாகச் சூடேறியது. இடது பிடி மட்டும் பாதிதான். உள் பாதி சூடு, வெளி ஓரம் பச்சைத் தண்ணீர். உனக்கு இந்த மலையில் ஓட்டிப் பழக்கம் வந்திருக்கும், அதனால் புரியும். வளைவுக்கு வளைவு இடது கையின் முதல் இரண்டு விரல் கிளட்சில் இருக்கும், கட்டைவிரல் ஹார்னில் இருக்கும். பிடியைப் பிடித்திருப்பது கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையின் வெளி ஓரமும்தான். அந்த இடம் சூடேறாவிட்டால் கைப்பிடி எதற்கு? சேலத்துக்குத் திரும்பிப் போனேன். வெளிப் பாதியில் கம்பி அறுந்திருக்கிறது என்றேன். குமரவேல் பிடியைக் கையில் எடுத்து, பேட்டரியில் மாட்டி, ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தார். நல்லா சுடுதுங்களே தம்பி என்றார். எனக்குச் சொல்லித்தருகிறாரா என்று கோபம். நான்கு வாடிக்கையாளர் நடுவில், உடைசலை விற்றுவிட்டு ஏமாற்றுகிறார் என்று சத்தம் போட்டேன்.  அவர் புதிய ஜோடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் வைத்தார்.

இரண்டாவது ஜோடியும் அதே மாதிரி. அப்போதாவது நின்றிருக்க வேண்டும். மல்டிமீட்டரில் அளந்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது. அளவு சரி, சூடு இல்லை என்றால் சூடு எங்கேயோ போகிறது என்று முடிவு கட்டினேன். இடது பிடி நேராக இரும்புக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது, வலது பிடிக்கு அடியில் பிளாஸ்டிக் இருக்கிறது. இரும்பு சூட்டை இழுக்கும். இது பொய்யில்லை, உண்மையான காரணம்தான், அதுதான் வினை. உண்மையான ஒரு காரணம் கையில் கிடைத்ததும் வேறு காரணம் தேடுவதை நிறுத்திவிட்டேன். பிடியை மறுபடி அறுத்து, குழாய் முழுக்கச் சூடு கடத்தாத டேப் சுற்றி ஒட்டினேன். அதுவும் போதவில்லை. இடது பக்கத்துக்கு மட்டும் சூட்டுக் கட்டுப்பாட்டைத் தாண்டி நேராகப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் அந்த வேலையை முடித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை.

செவ்வாய் காலை ஐந்தரைக்கு ஆலத்தூர் நாட்டு டவரிலிருந்து கிளம்பினேன். சூடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று இடது கை உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். உள் பாதி இப்போது பொறுக்கமுடியாமல் சுட்டது. அதனால் கையை வெளிப் பக்கம் தள்ளிப் பிடித்தேன். வழி முழுக்க அப்படியே பிடித்து வந்தேன். வெளி ஓரம் இன்னும் சூடேறவில்லை என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

வாசலில் உன் அம்மா கோலத்தை முடித்துவிட்டு எழுந்து நின்றாள். நான் வண்டியை நிறுத்தினதும் நிறுத்தாததுமாகப் புலம்ப ஆரம்பித்தேன். இந்த ஓரத்தைத் தொட்டுப் பார், ஜில்லென்று இருக்கிறது, அந்த ஆள் என்னை இரண்டாவது தடவையும் ஏமாற்றிவிட்டான் என்றேன். சாவி போட்டபடியே இருந்தது. அவள் தொட்டாள். உடனே கையை உதறிக்கொண்டு விரலை வாயில் வைத்தாள்.

"ஏனுங்க, இது கொதிக்குதுங்க."

"எங்க கொதிக்குது? இங்க பாரு." நான் அதே ஓரத்தை இறுக்கிப் பிடித்துக் காட்டினேன்.

அவள் பிடியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். பிறகு என் கையை அதிலிருந்து பிய்த்து எடுத்துத் திருப்பினாள். சிறு விரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரமாக, நான்கு கொப்புளம், நீர் கோத்து. அதில் ஒன்று உடைந்து தோல் சுருங்கியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றுமே என்றால், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. பையில் பேட்டரி முனைகளின் சூட்டைத் தொடாமலே அளக்கிற கருவி இருந்தது. தினமும் அதைப் பயன்படுத்துகிறவன் நான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதைக் கைப்பிடிக்கு நேராகப் பிடிக்கத் தோன்றவில்லை. கை இருக்கும்போது கருவி எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது பிடித்தேன். வலது, முப்பத்தொன்பது. இடது ஓரம், ஐம்பத்திரண்டு. உன் அம்மா பார்க்கக் கூடாதென்று திரையைச் சட்டையில் மறைத்தேன். எதற்கு மறைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. அவள் விரல் ஏற்கெனவே சிவந்திருந்தது.

மலையிலிருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, என்னைவிடச் சின்ன வயது. புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டுச் சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார். முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளுத்த ஒரு தேமல் உண்டு. உன் அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். பேட்டரி ஆசிட் பட்டது என்று சொல்லிவிட்டிருந்தேன். ஆசிட் பட்டதாக எனக்கு ஞாபகமே கிடையாது. டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். நான் சொன்னது நான்கு. அவர் தொட்டது பதினொன்று. பிறகு முழங்கை மூட்டின் உள்பக்கம் விரலால் உருட்டிப் பார்த்து, அங்கே நரம்பு தடித்திருக்கிறது என்றார். தொழுநோய் மாதிரி தெரிகிறது, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் உறுதி செய்துகொள்ளலாம் என்றார்.

"மேடம், அதெல்லாம் இப்ப இல்லீங்களே" என்றேன்.

"யாரு சொன்னா?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.  யாருமே சொல்லவில்லை, நானாக வைத்துக்கொண்டதுதான்.

அவர் சொன்னதை நான் கேட்ட வரிசையில் எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள். இது கிருமியால் வருவது. பாவத்தாலோ ரத்தத்தாலோ வருவதில்லை. உள்ளே வந்து பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். ஆறு மாதம் மாத்திரை, காசு கிடையாது. மாத்திரை ஆரம்பித்துவிட்டால் என்னிடமிருந்து அடுத்தவருக்குப் போகாது. கிருமி செத்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. நரம்புதான் சந்தேகம். "உணர்ச்சி போயி எத்தன மாசம் ஆச்சுங்க? அத மட்டும் சரியா சொல்லுங்க. ஆறு மாசத்துக்குள்ளன்னா, நரம்பு வீக்கத்துக்குத் தனி மாத்திரை குடுத்தா திரும்பறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. நாள் கடந்துட்டா கஷ்டம்." இரண்டு வாரம் என்றேன். சட்டென்று சொன்னேன். அவர் எழுதாமல் பேனாவை மூடினார். வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டுச் சனிக்கிழமை வந்து சொல்லுங்கள் என்றார்.

புதன்கிழமை கீழே போய் உறுதியாகிவிட்டது. முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்தார்கள். உன்னையும் உன் அம்மாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள், பார்த்தார்கள். உங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. தடுப்புக்கு ஆளுக்கு ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள்.  அதைக் கேட்டபிறகும், வீட்டுக்கு வந்ததும் என் தட்டு, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் எடுத்துச் சமையலறைக்குப் பின்னால் தனியாக வைத்தேன். நீ ஓடி வந்து காலைக் கட்டினாய். நான் விலகி நின்றேன். ஒன்றுக்கு இரண்டு தடவை விலகினேன். உன் அம்மா பார்த்தாள். பிறகு உன்னைத் தூக்கிக் கொண்டுவந்து என் மடியில் தொப்பென்று உட்காரவைத்தாள்.

"மாத்திரை போட்டா பரவாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. காதுல விழுந்துச்சுங்களா, இல்ல அதையும் டேப் சுத்தி மூடிட்டீங்களா?"

 தட்டையும் டம்ளரையும் அவளே எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தாள். வைத்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். அவளுக்கும் பயம்தான் மகனே. கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். பயத்தோடேயே செய்தாள்.

நேற்றுக் காலை நீ ஒரு புது விளையாட்டு கண்டுபிடித்தாய். ஆஸ்பத்திரியில் உன் கையில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள் அல்லவா, அது. கண்ணை மூடிக்கொண்டு படுத்து, தொடு தொடு என்று அம்மாவிடம் கேட்டாய். துடைப்பக் குச்சியின் நுனியால் அவள் தொட்டதும் "இங்க" என்றாய். தொடாதபோதும் "இங்க" என்று சிரித்தாய். "அப்புறம் அப்பாவுக்கு" என்று என் இடது கையைப் பிடித்து, கடைசி விரலைப் பிடித்து இழுத்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இழுத்தது தெரிந்தது.

அப்போதுதான் ஆடிப் பதினெட்டு ஞாபகத்துக்கு வந்தது. அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டம். அம்மா பை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நீ என் இடது கையின் சிறு விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாய், எப்போதும் அதைத்தான் பிடிப்பாய். நான் போனில் டவர் ஆளோடு சண்டை போட்டபடியே நடந்தேன். ஒரு இருபது முப்பது அடி போயிருப்பேன். உன் அம்மா திரும்பிப் பார்த்துப் பிள்ளை எங்கே என்றாள். இங்கேதான் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். கையில் யாரும் இல்லை. அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. நீ கிடைத்தாய், ஒரு வளையல் கடைப் பக்கம், ஒரு செருப்போடு. மற்றது கழன்று கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தது. கையை ஏண்டா விட்டாய் என்று உன்னை அடித்தேன். முதுகில், இந்த இடது கையால்தான், பலமாக. நீ விக்கி விக்கிச் சொன்னது ஒன்றுதான். "இழுத்தேன்பா. செருப்பு போயிடுச்சுன்னு இழுத்தேன்பா. நீ நிக்கல." பொய் வேறு சொல்கிறாயா என்று இன்னொன்று வைத்தேன். இழுத்தால் எனக்குத் தெரியாதா?

டாக்டரம்மாவுக்குத் தேவையான நாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த ஆடி பிறந்த முதல் வாரத்தில் சால்டரிங் முனை இதே விரலில் பட்டு நான் அலறியதும் ஞாபகம் இருக்கிறது, நீ பயந்து அழுதாய். ஆக, ஆடி தொடக்கத்தில் விரலுக்கு உயிர் இருந்தது, பதினெட்டில் இல்லை. ஐந்து மாதம் கடந்து சில நாள். இடையில் ஆவணியில் சிறு விரலில் விறுவிறுப்பு என்று ஹேண்டில்பார் நுனியில் எடை மாட்டினேன், அதிர்வு என்று நினைத்து. ஐப்பசியில் தடித்த உறை வாங்கினேன், குளிர் என்று நினைத்து. மார்கழியில் இது. மூன்று தடவை உடம்பு சொன்னது, மூன்று தடவையும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். உனக்கு நான் சொல்கிற புத்திமதி இவ்வளவுதான்: அளக்கிறவனையும் ஒரு தடவை அளந்து பார். இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு பக்கம் மனசு குதிக்கிறது. அந்த வாய்ப்பை எனக்குக் கண்டுபிடித்துத் தந்தது நான் உன்னை அடித்த நாள்தான்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை எட்டு மணிக்குச் சுகாதார நிலையம் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பேன். இரண்டு வாரம் என்று சொன்னது பொய், ஆடிப் பதினெட்டு என்று சொல்லி, நரம்புக்கான மாத்திரையை நாளைக்கே ஆரம்பிக்கக் கேட்பேன்.

2. சூப்பர்வைசருக்குப் போன் செய்து நோயின் பெயரைச் சொல்வேன். நரம்புத் தளர்ச்சி, அலர்ஜி என்று வேறு பெயர் வைக்கமாட்டேன். டாக்டரம்மா சரி என்று சொல்லும்வரை டவரில் ஏறமாட்டேன், கரண்ட் வயரைத் தொடமாட்டேன். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும், அப்போது பார்க்கலாம்.

3. என்னோடு வேலை செய்கிற ஆறு பேரையும் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுப் பார்ப்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

4. இடது பிடிக்கு நான் நேராகக் கொடுத்த கரண்ட் வயரை இன்றே அறுப்பேன். பழையபடி கட்டுப்பாட்டு வழியாகவே கொடுப்பேன். சூட்டை இனிமேல் கருவிதான் சொல்லும், நான் சொல்லமாட்டேன்.

5. சேலம் போவேன். போனில் சொல்லித் தப்பிக்கமாட்டேன். கடையில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், குமரவேல் அண்ணனிடம், உங்கள் பொருள் நல்ல பொருள், என் கைதான் பழுது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்.

6. ஞாயிறு தவறாமல் உன் அம்மா என் கையைத் தொட்டுப் பார்ப்பாள், நான் எண்ணிக்கை சொல்வேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உனக்கும் அவளுக்கும். நீ விளையாட்டு என்றே நினைத்துக்கொள்.

7. இப்போது எழுந்து வாசலுக்குப் போய், உன் தலையிலிருக்கிற ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, உன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து சொல்லப்போகிறேன்: அன்று நீ இழுத்தாய் சாமி. நிஜமாகவே இழுத்தாய்.